காட்டோரக் கொல்லையில் நாய்: சிறுத்தை, கரடி, பாம்பு நடமாடும் இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது?

கொல்லைமேடு

எல்லாருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் தாண்டி மேலரசம்பட்டு பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் கொல்லை. கிழக்கே கானாறு, அதைத் தாண்டினால் காப்புக்காடு. நிலக்கடலை, ஊடுபயிராகத் துவரை, வரப்பில் 20 மாமரம், பட்டியில் 8 ஆடு. வீடு கொல்லையிலேயே இருக்கிறது. 7 வயதில் ஒரு குழந்தை உண்டு.

காவலுக்கு நாட்டு நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறோம். கடுவன், 5 மாதம், எடை 11 கிலோ. இதுவரை ஒரு ஊசியும் போடவில்லை. ராத்திரியில் வாசல் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டுகிறோம். அவிழ்த்து விட்டால்தான் ஆட்டைக் காக்கும் என்று சிலரும், கட்டித்தான் வைக்கணும் என்று சிலரும் சொல்கிறார்கள்.

எது சரி? கூண்டு அடிப்பதென்றால் என்ன அளவில், எந்தக் கம்பியில் அடிக்கணும்? பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்யணும்? முயலையும் உடும்பையும் கண்டால் துரத்துகிறது, அதை எப்படி நிறுத்துவது? விவரமாகச் சொல்லுங்கள்.

பட்டறை_அணைக்கட்டு

தம்பி, மரத்தில் கட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். சங்கிலியில் கிடக்கிற நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அது குரைப்பதை வைத்தே சிறுத்தை இடம் கண்டுபிடிக்கும். தொண்டையைக் கவ்வினால் சத்தமே வராது. அவிழ்த்து விடுவதும் தீர்வில்லை. கானாற்றுப் பக்கம் போகிற நாய் கண்ணியிலோ, அவுட்டுக்காயிலோ (வெடிமருந்து பொதிந்த இரை), சிறுத்தையிடமோ மாட்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து நன்றாக விடியும்வரை நாய் கம்பிக் கூண்டுக்குள் இருக்கணும். ராத்திரி அதன் வேலை குரல் கொடுப்பது மட்டும்தான். அந்தக் குரலைக் கேட்டு டார்ச்சைப் போட்டுப் பார்க்க வேண்டியது நாம். ஆட்டுப் பட்டியையும் இதே மாதிரி கம்பி போட்டு மேலே மூடுங்கள். நாயை நம்பிப் பட்டியைத் திறந்த கூரையோடு விடக்கூடாது.

இனி கூண்டு. நாட்டு நாய் வளர்ந்தால் 18 முதல் 22 கிலோ வரும். அதற்கு 6 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி உயரம் போதும். வீட்டுச் சுவரையே பின்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். செலவும் குறையும், ஒரு பக்கத்துப் பயமும் போகும். படுக்கிற அறை ஜன்னலிலிருந்து கூண்டு தெரியணும். காடு இருக்கிற கிழக்குப் பக்கச் சுவரில் வேண்டாம்.

தரை மண்ணாக இருந்தால் நாயும் தோண்டும், வெளியிலிருந்து விலங்கும் தோண்டும். தரையிலிருந்து 1 அடி உயர்த்தி 7-க்கு 5 அடி மேடை கட்டி, மேலே 4 அங்குலக் கான்கிரீட் போடுங்கள். 1:2:4 கலவைக்கு 2 மூட்டை சிமென்ட் ஆகும். முன்பக்கம் 1 அங்குலம் சரிவு விட்டால் கழுவுகிற தண்ணீர் தேங்காது. உள்ளே பாதி இடத்தில் 4 அங்குலம் உயர்த்தி மரப்பலகை போடுங்கள். வெறும் சிமென்ட்டிலேயே படுத்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும்.

சட்டத்துக்கு 35-க்கு 5 மி.மீ. ஆங்கிள். கம்பி 10 மி.மீ. முறுக்குக் கம்பி, 3 அங்குல இடைவெளியில் நெடுக்காக. முன்பக்கம் 24, இரண்டு பக்கவாட்டிலும் 16, 16. ஆக 5 அடித் துண்டு 56. மேலே 4 அடித் துண்டு 24. 40 அடிக் கம்பி ஒன்றில் 5 அடித் துண்டு 8 வரும், 4 அடித் துண்டு 10 வரும். எனவே 10 கம்பி வாங்கினால் சரியாக இருக்கும், எடை 74 கிலோ. நடுவில் குறுக்காக ஒரு பட்டை வைத்து எல்லாக் கம்பியையும் அதோடு பற்றவையுங்கள். இல்லாவிட்டால் 5 அடிக் கம்பியை நடுவில் வளைத்து விடலாம்.

3 அங்குலச் சந்தில் சிறுத்தையின் தலை நுழையாது, முன்னங்கால் நுழையும். நகத்தை மாட்டி நாயைக் கம்பியோடு இழுத்துக் கிழித்துவிடும். பலர் விடுகிற தப்பு இதுதான். அதனால் கம்பிக்கு உள்பக்கம் 1 அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடிக்கணும். மூன்று பக்கமும் மேலும் சேர்த்து 95 சதுர அடி. வைரக்கண் வேலிவலை வேண்டாம். அது பின்னல், ஒரு இழை அறுந்தால் வரிசையாகப் பிரியும். கோழிவலை இதற்கு ஆகவே ஆகாது.

கூரையிலும் கம்பி கட்டாயம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் போட்டால் மேலே குதித்ததும் உடையும். கம்பிக்கு மேல் தகர ஷீட், அதற்கு மேல் தென்னங்கீற்றோ கரும்புத் தோகையோ அரை அடி கனத்துக்கு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வெறும் தகரத்துக்கு அடியில் நாய் வெந்துபோகும். தோகையை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். பழசானால் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

கதவு 2 அடிக்கு 3 அடி. வெளியே திறக்கிற மாதிரி மூன்று கீல், மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாளில் பூட்டு. ஒரே கொக்கி போட்டால் கதவை முட்டி முட்டியே நிமிர்த்தி விடும். கதவுக்கு அடியில் சந்து அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

கடைசியாக, கீழிருந்து 3 அடி உயரத்துக்குப் படுக்கிற பக்கம் தகரம் அடித்து மறையுங்கள். சிறுத்தை கூண்டைச் சுற்றும்போது கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் நாய் மிரண்டு கம்பியில் மோதிப் பல்லையும் நகத்தையும் பெயர்த்துக்கொள்ளும். மறைவு இருந்தால் மூலையில் ஒடுங்கிக் குரைக்கும்.

கால்நடை_வேலூர்

கூண்டைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றி விடுங்கள். மெஷ்ஷில் மாட்டித் தொங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும்.

ஊசி. குட்டிக்கு 6–8 வாரத்திலேயே ஆரம்பித்திருக்கணும், பரவாயில்லை. இந்த வாரமே டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டு ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் போடுங்கள். 3–4 வாரம் கழித்து இரண்டையும் திரும்பப் போடணும். பிறகு வருஷா வருஷம். ஒரு தடவை போட்டதோடு நிறுத்தினால் எதிர்ப்பு நிலைக்காது. காட்டோரத்தில் இது நம்ம நாய்க்காக மட்டும் இல்லை. டிஸ்டெம்பர் நாயிடமிருந்து நரிக்கும் மற்ற காட்டு விலங்குக்கும் பரவும். அந்த விலங்குகளுக்கு ஊசி போட யாருமில்லை.

நரியோ கீரியோ குரங்கோ நாயைக் கடித்தால், கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஊசி போட்ட நாயாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி மறுஊசி போடணும். அந்த எச்சில் உங்கள் கையில் இருக்கிற வெட்டுக்காயத்தில் பட்டிருந்தால் நீங்களும் ஊசி போட்டுக்கொள்ளணும்.

குடற்புழு மருந்து 3 மாதத்துக்கு ஒரு தடவை. எலி, முயல் தின்கிற நாய்க்கு நாடாப்புழு வரும், அதற்குப் பிராசிகுவான்டெல் சேர்ந்த மாத்திரை வேண்டும், கிலோவுக்கு 5 மி.கி. வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் சந்தையில் ஆடு வாங்கி வீட்டில் அறுக்கிற வழக்கம் இருந்தால், ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். அதில் நீர்க்கட்டி இருந்தால் நாய் வயிற்றில் புழுவாகி, அதன் சாணத்திலிருந்து முட்டை குழந்தையின் கைக்கு வரும். மனிதருக்கு ஈரலில் பெரிய கட்டியாக வளர்கிற நோய் அது. நன்றாக வேகவைத்துப் போட்டால் பிரச்சினை இல்லை.

உண்ணி. ஆடும் நாயும் சேர்ந்து இருக்கிற கொல்லையில் உண்ணி இல்லாமல் இருக்காது. காதுமடல், விரலிடுக்கு, வால் அடி மூன்றையும் தினம் பொழுதோடு விரலால் தடவிப் பாருங்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடி நெருப்பு வைப்பது கூடாது. அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். பெண் உண்ணி நாய் மேல் முட்டை இடாது. இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் இடும். அதனால் கூண்டுக்குப் பின்சுவரில் வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், சாப்பிடாமல் காய்ச்சலோடு கிடந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் 28 நாள் முழுவதும் கொடுக்கணும். பத்தாம் நாள் நாய் தெளிந்து ஓடும். அப்போது நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

பாம்பு. நம்ம பக்கத்துக் கல்லுக்கொல்லையில் அதிகம் கவலைப்பட வேண்டியது சுருட்டை விரியன். ஒரு அடி, ஒன்றரை அடிதான் இருக்கும். கல் அடுக்குக்கு அடியில் கிடக்கும், ராத்திரியில் வெளியே வரும். உடம்பை உடம்போடு தேய்த்து அரம் ராவுகிற மாதிரி சத்தம் போடும். கண்ணாடி விரியன் குக்கர் மாதிரி சீறும். இந்த இரண்டும் கடித்தால் வீக்கம், காயத்திலும் ஈறிலும் ரத்தக் கசிவு, சிவந்த சிறுநீர். நல்லபாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் இமை தொங்கும், பின்னங்கால் தள்ளாடும், மூச்சு திணறும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இல்லாமல் போகலாம்.

நாயை மோப்ப இடத்தில், அதாவது மூக்கிலோ முன்னங்காலிலோதான் பெரும்பாலும் கடிக்கும். கடித்தது தெரிந்ததும் முதலில் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். முகம் வீங்கினால் வீக்கம் கழுத்துக்கு இறங்கும், பட்டையே குரல்வளையை நெரிக்கும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டோ சாக்கில் கிடத்தியோ போகணும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், பச்சிலை அரைத்து ஊற்றாதீர்கள். வலி மாத்திரை கொடுக்கவே கூடாது. சில வலி மாத்திரைகள் ரத்தப் போக்கைக் கூட்டும். கிளம்பும் முன்பே போன் போட்டு விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நேராக மருந்து இருக்கிற இடத்துக்குப் போங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, அதையும் போனில் சேமித்து வையுங்கள்.

எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். நம் நாட்டில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புக்கும் பொதுவானது. டாக்டர் 2 மி.லி. ரத்தம் எடுத்துச் சுத்தமான, புதுக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இன்னொன்று, நாய் சிறியது என்று மருந்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து போடுவதில்லை. முறிக்க வேண்டியது விஷத்தின் அளவை, நாயின் எடையை இல்லை.

கூண்டைச் சுற்றி 10 அடிக்குக் கல், விறகு, நிலக்கடலைக் கொடி எதுவும் குவிக்காதீர்கள். விறகு வேண்டுமானால் 1 அடி உயரத்தில் மேடை போட்டு அடுக்குங்கள்.

கானாற்றங்கரை

கண்ணி, அவுட்டுக்காய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்தில் காட்டைவிட வரப்புதான் நாய்க்கு ஆபத்து. நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும். அதற்காக வண்டிக் கிளட்சு வயரில் சுருக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலிச் சந்தில், முழங்கால் உயரத்தில், புல்லோடு புல்லாகத் தொங்கும்.

நாய் சுருக்கில் மாட்டினால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். முதலில் ஒரு துணியால் அதன் முகத்தை மூடுங்கள், வலியில் சொந்தக்காரரையே கடிக்கும். நாயைச் சுருக்கு கட்டியிருக்கிற முளைப் பக்கம் தள்ளினால் வயர் தளரும். கரண்டிக் காம்பை வயருக்கும் தோலுக்கும் நடுவில் சொருகி, அதன் மேல் வைத்து வயர் கட்டரால் வெட்டுங்கள். பல மணி நேரம் இடுப்பு இறுகிக் கிடந்த நாய், எடுத்ததும் எழுந்து நடந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டணும். ரத்தம் ஓடாமல் செத்த சதையிலிருந்து வரும் விஷம் பின்னால் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

அவுட்டுக்காய் என்பது கொழுப்பிலோ கருவாட்டிலோ பழத்திலோ வெடிமருந்தைப் பொதிந்து வைப்பது. கடித்தால் தாடை போகும். சட்டப்படி குற்றம், இருந்தும் நடக்கிறது. இதற்கு ஒரே காப்பு, தரையில் கிடப்பதைத் தின்னாத பழக்கம். இப்போது 5 மாதம்தான் ஆகிறது, நல்ல சமயம். ஒரு கையில் காய்ந்த ரொட்டித் துண்டை மூடி வைத்துக் காட்டுங்கள். முகர்ந்து, நக்கி, விலகும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, மற்ற கையிலிருந்து வேகவைத்த கறித் துண்டு கொடுங்கள். கையில் பழகியதும் தரையில் வைத்து, பிறகு வரப்பில் நடக்கும்போது. ஒரு நாளைக்கு 5 நிமிடம், இரண்டு தடவை போதும். சாப்பாடு எப்போதும் ஒரே தட்டில், வீட்டார் கையால் மட்டும். அதுவரை வரப்பில் கூட்டிப் போகும்போது கூடை வடிவ வாய்ப்பூட்டு போடுங்கள். அதில் நாக்கை நீட்டி இளைக்க முடியும், தண்ணீர் குடிக்க முடியும், கீழே கிடப்பதைக் கவ்வ முடியாது. வாயை இறுக்கிக் கட்டுகிற துணிப்பட்டை வெயிலில் நாயைக் கொல்லும்.

முயல், உடும்பைத் துரத்துவதை நிறுத்தவும் பழக்கம்தான் வழி: 15 அடிக் கயிறும் "வா" என்ற ஒரு சொல்லும். கயிறு இல்லாமல் கொல்லைக்குக் கூட்டிப் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதில் துரத்துவதும் விரட்டுவதும் அடக்கம். உடும்பு அதில் முதல் அட்டவணை. நாய்தான் பிடித்தது என்று சொன்னால் எடுபடாது.

முள்ளம்பன்றி முள் ஏறினால் நுனியை வெட்டிக் காற்றை விட்டால் தானே வரும் என்பது பொய். தோலை ஒட்டிக் குறடால் பிடித்து, ஏறிய கோணத்திலேயே நேராக இழுங்கள். சுழற்றினால் உள்ளே ஒடியும். கண், தொண்டை, நெஞ்சில் இருந்தால் தொடாமல் டாக்டரிடம் போங்கள்.

குடியாத்தம்_மாந்தோப்பு

கரடியை யாரும் சொல்லவில்லையே. ஜவ்வாது மலையில் சிறுத்தையைவிட ஆளுக்கு ஆபத்து கரடி. அதற்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்குதான் கூர்மை. கறையான் புற்றில் தலையை விட்டிருக்கும்போது கிட்டப் போனால்தான் ஆளைத் தெரியும், தெரிந்ததும் பாயும். அவிழ்த்துவிட்ட நாய் முன்னால் ஓடிக் கரடியைக் குரைத்துச் சீண்டும், கரடி திரும்பினால் நேராக உங்கள் காலடிக்கு ஓடி வரும், கரடியும் பின்னாலேயே வரும். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் யானை விஷயத்திலும் இதே கதைதான். அதனால் கயிறு.

பலா, நாவல், இலுப்பை பழுக்கும் நாட்களில் விடிந்ததும் விடியாததுமாக நாயோடு கானாற்றுப் பக்கம் போகாதீர்கள். 7 மணிக்கு மேல், பேசிக்கொண்டோ கனைத்துக்கொண்டோ போங்கள். யானை இறங்கியது தெரிந்தால் நாயை வீட்டுக்குள் கொண்டு போய்க் கதவை மூடிச் சத்தமில்லாமல் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் விட்டால் குரைத்துக்கொண்டே இருக்கும், அந்தக் கூண்டு யானைக்குத் தாங்காது.

முள் வைத்த கழுத்துப்பட்டை விற்கிறார்கள். பகலில் ஆட்டோடு போகும்போது 2 அங்குல அகலத் தோல்பட்டையாக இருந்தால் போடலாம், முதல் கவ்வலுக்குத் தடை. அதை நம்பி ராத்திரி வெளியே விடுவது தப்பு.

கொல்லைமேடு

அண்ணா, மேடம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கம்பி, ஆங்கிள் அளவை எழுதி எடுத்துக்கொண்டேன். கூண்டு முடிய 10 நாள் ஆகும். அதுவரை ராத்திரி சமையல் திண்ணையில் வைக்கலாமா? அப்புறம், சாயங்காலம் எத்தனை மணிக்குச் சோறு வைக்கணும்? மிஞ்சுவதை இப்போது வேலியோரம் கொட்டுகிறோம்.

பட்டறை_அணைக்கட்டு

திண்ணை வேண்டாம், திறந்த இடம்தானே. 10 நாளும் வீட்டுக்குள், கதவைச் சாத்தி. தனி அறை இல்லை என்று உரமூட்டை வைக்கிற அறையில் விடாதீர்கள், குருணை மருந்து (குருணையாக வரும் பூச்சிமருந்து) சிந்தியிருந்தால் நக்கும்.

கால்நடை_வேலூர்

சோறு 5 மணிக்கு. 20 நிமிடத்தில் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து விடுங்கள். 6 மணிக்குள் ஒரு தடவை வெளியே நடத்தி, ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக வைத்துப் பிறகு உள்ளே விட்டால் ராத்திரி முனகாது. வேலியோரம் கொட்டுவதை நிறுத்துங்கள். மிச்சச் சோற்றுக்கு எலியும் பன்றியும் வரும், எலிக்குப் பாம்பு வரும், கோழிக்கழிவு கலந்திருந்தால் சிறுத்தையும் வரும். 2 அடிக் குழி வெட்டி மண் போட்டு மூடுங்கள், அல்லது ஆட்டெருக் குழியில் அடியில் புதையுங்கள்.

குருணை மருந்து நக்கிவிட்டால் வாயில் நுரை தள்ளும், கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், உடம்பு நடுங்கும், பேதியாகும். உப்புத் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், நடுக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகும். மருந்துப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பெயரைப் பார்த்தால்தான் டாக்டர் உடனே அட்ரோபின் போடத் தொடங்குவார்.

குழந்தை நாயோடு விளையாடிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். காலையில் கூண்டைத் திறக்கும் முன் சுற்றி ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், கதவோரத்தில் சுருட்டை விரியன் சுருண்டு கிடக்கிற இடம் அது.